தென்துருவத்து ஐஸும் மூடிய காரும்

அடுத்த வாரம் உங்களில் இரண்டு பேர் நிவேதாவோடு அரியமங்கலம் போய் டிரை ஐஸ் எடுத்து வரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று, ஆய்வகத்தை நடத்தும் மேடம் கேட்டுப் பல மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதுவேன், எழுந்து வாசல்வரை போவேன், அப்படியே விட்டுவிடுவேன். இன்றைக்கும் இரண்டு முறை எழுந்துவிட்டேன்.

நிவேதா உங்களுக்கு சீனியர். எனக்கு மகள். போன வருடம்வரை நான் அந்த ஆய்வகத்தில் சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். அம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஏன் வாங்கினேன் என்று உங்களிடம் பலரும் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். செவ்வாயின் தென்துருவத்தில் குளிர்காலம் வந்தால் காற்றே உறைந்து தரையில் படிகிறது. அங்கே காற்று என்பது பெரும்பாலும் கரியமில வாயு. அது பல இடங்களில் பால் கண்ணாடிப் பாளம்போல, ஒளி புகும்படி இறுகிவிடுகிறது. வசந்தம் வந்ததும் வெயில் அந்தப் பாளத்தை ஊடுருவிப் போய் அடியிலிருக்கும் கரிய மணலைச் சூடாக்குகிறது. ஐஸ் அடியிலிருந்து நேராக வாயுவாக மாறுகிறது. நடுவில் திரவம் என்ற நிலையே கிடையாது. வெளியேற இடமில்லாத வாயு, பாளத்துக்கும் தரைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. எங்காவது மெலிந்த இடத்தில் பாளம் உடைகிறது. சுற்றிலும் இருக்கிற வாயு அத்தனையும் அந்த ஓட்டையை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தரையை அரித்துக்கொண்டு ஓடுகிறது. தூசியை அள்ளி வெளியே பீய்ச்சுகிறது. காற்று வீசும் பக்கமாகத் தூசி விசிறிபோல விழுகிறது. கோடையில் ஐஸ் முழுக்கப் போனபிறகு தரையில் மிஞ்சுவதுதான் நாம் படங்களில் பார்க்கும் சிலந்தி. ஒரு மையம், அதிலிருந்து கிளை பிரிந்து போகும் பள்ளங்கள். ஒரு வசந்தம் அரிப்பது மிகக் கொஞ்சம். எத்தனையோ வசந்தங்கள் அதே வழியில் ஓடி ஓடித்தான் அந்தக் கால்கள் நீள்கின்றன.

அந்த ஐஸும் அரியமங்கலத்தில் கிடைக்கிற டிரை ஐஸும் ஒரே பொருள், உறைந்த கரியமில வாயு. இதில் எனக்கு என்றைக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆய்வகத்துக்கு வருமுன் இருபது வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவனுக்கு, வேறொரு கோளின் துருவத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வாங்கி வரலாம் என்பது சாதாரண விஷயமா? நடுவில் துளையிட்ட பாளத்தைச் சூடான மணல்மேல் இறக்குவோம். அடியில் சீறிக்கொண்டு வாயு துளைக்கு ஓடும். பாளத்தைத் தூக்கிப் பார்த்தால் மணலில் சிலந்தி. கொள்ளிடத்து மணலைச் சலித்து மாவுபோல இருப்பதைப் பரப்பினால் கால்கள் நிறையப் பிரியும். குருணைபோல இருப்பதைப் போட்டால் இரண்டு மூன்று தடித்த கால்களோடு நின்றுவிடும். ஏன் என்று மேடம் உங்களை இந்நேரம் கேட்டிருப்பார்.

அவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். படத்தை நீட்டினாலும் மணல் தட்டைக் காட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

"கேஸ் எந்த வழியாப் போச்சு?"

அதற்குப் பதில் தெரியாமல் அளவு, ஆழம் என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

முதலில் பெட்டி வெடித்த கதை. அது தெரியாமல் மற்றது புரியாது. சில வருடங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஐஸ் வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில், தெர்மோகோல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டி மூடி வைத்துவிட்டார். காற்றுப் புகாமல் இருந்தால் குளிர் நிற்கும் என்று கணக்கு. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆய்வகத்தில் பட்டாசு வெடித்தமாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மூடி டியூப்லைட்டை உடைத்திருக்கிறது. அறை முழுக்க வெள்ளை உருண்டைகள் பறக்கின்றன. அந்த ஆள் சோற்றுக் கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். மேடம் தலையிலிருந்து தெர்மோகோலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"டிக்கெட் எடுக்காம தென்துருவம் போயிட்டு வந்தாச்சு. பெருக்குங்கப்பா."

அன்றைக்கே ஒரு விதி போட்டோம். பெட்டி மூடியை ஒட்டக்கூடாது. எழுதிச் சுவரில் மாட்டினோம். புதிதாக யார் வந்தாலும் முதல் பாடம் அதுதான். வாயுவுக்கு வழி விடு. சரியான விதி, அனுபவத்தில் வந்த விதி. அதைப் பற்றி எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. சொல்லப்போனால் அந்தப் பெருமைதான் பின்னால் எங்கள் கண்ணை மறைத்தது.

டிரை ஐஸ் எப்போதும் குட்டியானையில்தான் வரும். பின்பக்கம் திறந்த சின்ன வண்டி. பெட்டி வெயிலில் வரும், ஐஸ் கொஞ்சம் வீணாகும், வேறு தொல்லை கிடையாது. போன வருடம் பங்குனி கடைசியில், நிவேதாவின் சோதனையைப் பார்க்க வெளியூரிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வருவதாக இருந்தது. அவள் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சோதனை தொடரும். அன்று காலை குட்டியானைக்காரர் போன் செய்தார்.

"சார், தொட்டியத்துல வாழத்தார் ஏத்திக்கிட்டு இருக்கேன். மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும்."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிவேதா செருப்பை மாட்டிவிட்டாள்.

"டாக்சி புக் பண்ணுங்கப்பா. பெட்டிய பின் சீட்ல வச்சு நானே பிடிச்சிட்டு வந்துடறேன்."

பண்ணிக் கொடுத்தேன். ஓட்டுநர் மாரிமுத்து என்று ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். அவருடைய எண் என் போனில் இருந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது அவள் போனில் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பேராசிரியர்கள் வந்துவிட்டார்கள். மேடம் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டில் மணலை மட்டம் செய்துகொண்டிருந்தேன். நிவேதாவிடமிருந்து போன்.

"அப்பா, காந்தி மார்க்கெட் தாண்டிட்டோம். செம ட்ராஃபிக். அவங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. நீ பதறாம வா. ஏன் மூச்சு வாங்குது?"

"பெட்டியத் தூக்குனேன்ல."

"அது அப்பவே தூக்கினதும்மா."

"தெரியலப்பா. தல வேற வலிக்குது. வெயில்தான்." கொஞ்சம் நிறுத்தி, "மூடிய ஒட்டல. கவலப்படாதீங்க" என்றாள்.

மூடியை ஒட்டவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. உங்களிடம் நான் சொல்ல வந்ததே இந்த நிம்மதியைப் பற்றித்தான். சின்ன வயதில் அவளுக்கு வீசிங் உண்டு. வந்ததும் மாத்திரை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். மணலைத் தடவ ஆரம்பித்தேன். பலகையை இழுத்து இழுத்துப் பத்து நிமிடம் போயிருக்கும். மூடியை ஒட்டவில்லையென்றால் பெட்டியிலிருந்து வாயு வெளியே வருகிறது. வெளியே என்றால் எங்கே? காருக்குள். கார் கண்ணாடி?

திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மாரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நிவேதாகிட்ட போனக் குடுங்க."

"பாப்பா தூங்குது சார்."

"தூங்குதா?"

"அசந்துருச்சு. எனக்கே கண்ணக் கட்டுது சார். வெயிலா இது. ஏசிய ஃபுல்லா வச்சும் பத்தல."

"கண்ணாடி எறக்கியிருக்கீங்களா?"

"எறக்குனா அனலடிக்கும் சார். ஐஸு வேற வீணாப் போயிரும்ல. எல்லாம் மூடித்தான் இருக்கு, நீங்க கவலைய விடுங்க. பாலத்துல ஏறிட்டேன்."

காவிரிப் பாலம். ஒரு பக்கம் புதுப் பாலத்து வேலை, மறுபக்கம் பஸ் வரிசை. இவர் கையில் வண்டி. இவருக்கும் கண்ணைக் கட்டுகிறது.

"அண்ணே, அந்த ஐஸ்லேருந்து கேஸ் வரும். அது..."

"ஐஸ்ல ஏது சார் கேஸு?" என்று சிரித்தார். சிரிப்பு இழுத்துக்கொண்டு வந்தது. குடித்தவர்கள் பேச்சில் வருமே, அந்த இழுப்பு.

கரியமில வாயு நிறமற்றது, மணமற்றது, காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், மூடிய இடத்தில் நிறைந்தால் மயக்கிக் கொல்லும். இருபது வருடம் வகுப்பில் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன. அவர் அதைக் கேட்டு, நம்பி, வண்டியை நிறுத்தக் குறைந்தது மாம்பழச்சாலை வந்துவிடும். பின் சீட்டில் பெட்டிமேல் சாய்ந்து என் மகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவேண்டியது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அவரை உடனே கதவைத் திறக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணே, வண்டி பின்னாடி தீப்பிடிச்சிருக்கு. பின்னால வர்றவங்க எனக்குப் போன் பண்றாங்க. எறங்குங்க. பாப்பாவ வெளிய இழுத்துப் போடுங்க."

பிரேக் சத்தம் கேட்டது. போன் எங்கேயோ விழுந்தது. அதன்பிறகு நான் கேட்டதெல்லாம் தரையிலிருந்து கேட்ட சத்தம். கதவு திறக்கும் சத்தம். பஸ் ஹாரன் விடாமல். யாரோ, "யோவ், நடுப் பாலத்துல நிப்பாட்டிக்கிட்டு என்னய்யா பண்ற?" அப்புறம் ஒரு பெண் குரல், "பொண்ணு மயங்கிக் கெடக்குதுங்க."

நான் வெளியே ஓடும்போது மேடம் எதிரே வந்தார். முகத்தைப் பார்த்து "என்ன?" என்றார்.

"கார்ல கேஸ் போக வழியில்ல மேடம்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்ய ஆரம்பித்தார். பேராசிரியர்கள் காபி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாம்பழச்சாலையில் வண்டி நகரவில்லை. ஸ்கூட்டரை ஓரத்தில் போட்டுவிட்டுப் பாலத்தில் ஓடினேன். தூரத்திலிருந்தே வெள்ளைப் புகை தெரிந்தது. உண்மையிலேயே தீப்பிடித்துவிட்டதோ என்று இன்னும் வேகமாக ஓடினேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. பெட்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு, பஸ்ஸில் வந்தவர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஊற்ற ஊற்ற டிரை ஐஸ் குபுகுபுவென்று புகை விடுகிறது. புகை வர வர இன்னும் ஊற்றுகிறார்கள். ஒரு கண்டக்டர், "அணைய மாட்டேங்குதே, அணைய மாட்டேங்குதே" என்று பைத்தியம் பிடித்தமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

நிவேதா நடைபாதையில் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் இன்னும் தாண்டவில்லை.

"அப்பா, ஐஸ் போச்சா?" என்றாள்.

மாரிமுத்து பானட்டைத் திறந்து, குனிந்து டயர்களுக்கு அடியில் எல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அவர் முகமும் வேர்த்து வெளுத்திருந்தது.

"தீ எங்க சார்? எவனும் பாக்கலங்கிறான்."

"தீ இல்லண்ணே. நான் பொய் சொன்னேன்."

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். நான் அவர் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது நேரம் இருந்தது. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதையே நீங்க போன்ல சொல்லியிருந்தா, சரி சார் சரி சார்னு ஓட்டிக்கிட்டேதான் வந்திருப்பேன்."

இரண்டு பேரையும் ஒரு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். சோதனை வேறொரு நாள் நடந்தது. ஒப்புதலும் கிடைத்தது. உங்களுக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

நான் பல நாள் யோசித்தது இதுதான். அந்தக் காரில் ஏறியவள் முட்டாள் அல்ல. வாயு எங்கே தேங்கும், எப்படி ஓடும், எங்கே உடைத்துக்கொண்டு வெளியேறும் என்று அதையே படிப்பாகப் படிப்பவள். அனுப்பியவனும் அதையே வேலையாகப் பார்த்தவன். கோடிக்கணக்கான மைல் தூரத்தில் ஐஸுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எங்களால் சொல்ல முடிந்தது. பெட்டி வெடித்த அனுபவம் எங்களைப் பெட்டியோடு நிறுத்திவிட்டது. ஆய்வகத்தில் பெட்டிக்கு வெளியே பெரிய அறை, ஆறு ஜன்னல். அங்கே அந்த விதி போதும். காரில் பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி. மூடியைத் தளர்த்தியதும் கடமை முடிந்ததென்று இரண்டு பேரும் நினைத்தோம். ஒரு விதி எந்த இடத்தில் பிறந்தது என்று தெரியாமல் அதை வேறு இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மேடம் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் சுவரில் இருந்த அட்டையைக் கிழித்துப் போட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான், ஐஸ் எடுக்கப் போகுமுன் நீங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லும் வாயுவின் வழி. பெட்டியிலிருந்து எங்கே, அங்கிருந்து எங்கே, அதற்கப்புறம் எங்கே என்று வானம் வரைக்கும் சொல்லி முடித்தால்தான் கிளம்பலாம். அதைச் சொல்லும்போது நீங்கள் கோயில் அர்ச்சனை மாதிரி ராகம் போட்டுச் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். நடுவில் ஒரு படியை விட்டுவிடாதீர்கள்.

இனி என்னைப் பற்றி. நிவேதா ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நானும் திரும்பினேன், ஆனால் சரியாகத் திரும்பவில்லை. அவள் ஜன்னல் பக்கம் நிற்கிறாளா, குனிகிறாளா, இருமினாளா என்று கண் அங்கேயே இருக்கும். ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கிழிந்த கையுறையோடு பாளத்தைத் தூக்கிவிட்டார். விரல் நுனி வெளுத்துப் போயிற்று. மூன்றடி தூரத்தில் நான் நின்றேன், பார்க்கவில்லை. மேடம்தான் ஓடி வந்து தட்டிவிட்டார். சாயங்காலம் அவரிடம் போய் விருப்ப ஓய்வு கேட்டேன். இருக்கச் சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது.

"நீங்க நல்ல அப்பா சார்" என்றார். "லேபுக்கு இப்ப அது பத்தாது."

சரியாகத்தான் சொன்னார். எல்லோரையும் பார்க்க வேண்டிய இடத்தில் ஒருத்தியையே பார்க்கிறவன் நிற்கக்கூடாது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

ஓய்வு வாங்கினால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. ஐஸ் வருகிற நாளெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். காலையில் அவள் தண்ணீர் பாட்டிலைப் பெரியதாக எடுத்துக்கொள்வாள். இப்போது குட்டியானைதான், பெட்டி பின்னால் வெட்டவெளியில் வருகிறது, அவள் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் கண்ணாடி இறக்கி உட்கார்ந்து வருகிறாள். ஆபத்து என்று எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரியமங்கலம் போய், கொஞ்சம் தள்ளி நின்று, அவர்கள் கிளம்பியதும் பின்னாலேயே வருவேன்.

போன தடவை அண்ணா சிலை தாண்டிப் பாலத்தில் ஏறுமுன் குட்டியானை ஓரம் கட்டியது. நிவேதா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம், அங்கேயே கேட்டாள்.

"எத்தன தடவையா வர்றீங்க?"

"இது ரெண்டாவது."

"மூணாவது. போன தடவ தண்ணி லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க. ட்ரைவர் அண்ணன் எங்கிட்ட, 'யாரோ ஒரு ஆள் உங்கள ஃபாலோ பண்றான், போலீசுக்குச் சொல்லவா'ங்கறாரு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பயமா இருக்குதும்மா. என்ன பண்றது?"

"எனக்கும்தான் இருக்கு. பாலத்துல ஏறுனாலே கண்ணாடிய இன்னும் எறக்க முடியுமான்னு கை தேடுது." அவள் இதை அதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை. "அதோட நான் பெட்டியப் பாக்கணும், அண்ணனுக்குத் தூக்கம் வருதான்னு பாக்கணும். ஆனா அரியமங்கலத்துலேருந்து சைடு மிரர்ல உங்க ஹெல்மெட்டத்தான் பாத்துக்கிட்டு வரேன். லாரிக்காரன் உங்கள ஒதுக்குறான், எனக்கு இங்க பக்குன்னுது. பெட்டி மூடி நகந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. இப்ப எறங்குனப்பதான் பாத்தேன்."

குட்டியானையைப் பார்த்தேன். மூடி கோணலாக இருந்தது. வெண்புகை ஒரு நூல்போல வழிந்து தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரைத் திருப்பினேன். சிந்தாமணிப் பக்கம் வளையும்போது பார்த்தேன், அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் மறைகிறேனா என்று பார்க்கிறாள். நான் மறையும்வரை அவள் வண்டியில் ஏறமாட்டாள் என்று புரிந்ததும் வேகமாக வளைந்தேன். அங்கே ஒரு கடையோரம் நின்று, பாலத்தை அவர்கள் தாண்டியிருப்பார்கள் என்று தோன்றும்வரை பொறுத்திருந்து வீட்டுக்கு வந்தேன். அந்த நேரம் எவ்வளவு என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த பெரிய காரியம்.

அடுத்த வாரம் நீங்கள் போகும்போது நான் வரமாட்டேன். பத்திரமாக வந்துவிட்டோம் என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் கண்ணும் காதும் வண்டியில் இருக்கட்டும். அன்று காலை எனக்கு மண்ணச்சநல்லூரில் ஒரு வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது எதிர்த் திசை. வேலை என்னவென்று இன்னும் யோசிக்கவில்லை.